நாற்பத்தொரு டிகிரி

அத்தியாயம் 5

மூணாறில் பஸ்ஸை விட்டு இறங்கிய மறுநிமிஷம் என் பற்களெல்லாம் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிட்டன. சித்திரை மாதமாம், சித்திரை! கீழே பொள்ளாச்சியில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இங்கே காலை ஒன்பது மணிக்குச் சாரல் மூஞ்சியில் அறைகிறது. நான் வெயிலை நம்பி அரைக்கைச் சட்டையோடு வந்திருந்தேன். பொங்கியண்ணன் தம் பையிலிருந்து மப்ளரை எடுத்து நிதானமாகக் காதோடு சுற்றிக்கொண்டார். எனக்கும் ஒன்று எடுத்து வந்திருக்கலாமே என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கு? பேசிட்டே வா. சூடு தானா வந்துரும்" என்றார்.

இப்படிப்பட்ட மனுஷனிடம் ஆறு வருஷமாகக் காலம் தள்ளுகிறேன். முன் அத்தியாயங்களைப் பக்கத்து சீட்டுக்காரர் வடை மடிக்கக் கிழித்துக்கொண்டு போயிருந்தால் கவலைப்பட வேண்டாம். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பொங்கியண்ணன் முன்பு சர்க்கார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். இப்போது பொள்ளாச்சியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். நான் சிலுவைராஜ், போடிக்காரன். பஸ் கண்டக்டராக இருந்தவன். முதலாளியின் மச்சானிடம் டிக்கெட் கேட்டதால் வேலை போயிற்று. கல்யாணம் ஆகவில்லை. ராத்திரி ஆபீஸ் பெஞ்சில் படுத்துக்கொள்வேன். அண்ணனுக்கும் வீட்டில் யாரும் கிடையாது. ஆகவே எங்கள் ஆபீஸுக்கு மூடும் நேரம் என்று ஒன்று இல்லை.

போன வாரம் முதலமடையிலிருந்து கருப்பாத்தாள் என்று ஓர் அம்மாள் தனியாகப் பஸ் ஏறி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் குப்பண்ணன் காலமாகிவிட்டார். மாந்தோப்பு இருக்கிறது, மகன் ஆறுமுகசாமி இருக்கிறான். மகள் கமலாத்தாள் ஒன்பது வருஷத்துக்கு முன் மாங்காய் லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் அழகுமலையோடு போனவள். அதற்குப் பிறகு தகவலே இல்லை.

இந்த மாசி மாதம் அந்த அம்மாள் மூன்று நாள் பழனிக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் மகன் ஒரு சேதி சொன்னான். தங்கச்சி வந்தாள், தோப்பில் பங்கு வேண்டாம் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள், புருஷனோடு பம்பாய்க்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அம்மா சாயங்காலம் வந்துவிடுவாள், இருந்து பார்த்துவிட்டுப் போ என்று எவ்வளவோ சொன்னானாம். அவள் கேட்கவில்லையாம்.

சாட்சிக்கு ஒரு போட்டோவும் கொடுத்தான். கூட வந்தவன் ஒருவன் உடனே படம் வரும் கேமரா வைத்திருந்தான், வாசலில் நிற்க வைத்து எடுத்தான் என்று விளக்கம்.

கருப்பாத்தாளுக்குத் தோப்பைப் பற்றிக் கவலையே இல்லை. "அரை நாள் பொறுத்திருந்தா நான் வந்திருப்பேன் தம்பி. பெத்தவளப் பாக்காமப் போற அளவுக்கு அவளுக்கு நான் என்ன பண்ணிப்போட்டேன்? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அமாவாசைக்கு அவளுக்குத் தலைமுழுகிரலாம்னு பையன் சொல்றான். நானும் சரின்னுட்டேன்" என்றார். சொல்லும்போது குரல் உடையவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தலைமுழுகுவது என்றால் சும்மா இல்லை. உயிரோடு இருக்கிறவர்களைச் செத்தவர்களாக்குவது. அவர்கள் குடும்ப வழக்கப்படி ஆற்றில் மூன்று முழுக்கு. மூன்றாவது முழுக்கில் எழுந்து பெயரைச் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு அந்த வீட்டிலும் பங்காளிகள் வீட்டிலும் அந்த ஆளுக்குப் பேச்சும் கிடையாது, பந்தமும் கிடையாது. நல்லது கெட்டதுக்குச் சொல்லிவிட மாட்டார்கள். வாசலில் வந்து நின்றாலும் கண்ணில் படாதது போலப் போய்விடுவார்கள். அந்த அமாவாசை, நாங்கள் மலை ஏறிய நாளுக்கு மறுநாள் காலையில்.

அந்தப் போட்டோ அண்ணன் பையில் இருந்தது. கலர்ப் படம். வெள்ளையடித்த சுவர். அதன் முன்னால் முப்பது வயதுப் பெண். முந்தானையை இழுத்துத் தோளும் கழுத்தும் மூடிப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையிலும் மாங்காய் ஏந்தி நிற்கிறாள். மாசியில் கை நிறைய மாங்காய் என்றால் அது முதலமடை என்று பச்சைப்பிள்ளையும் சொல்லும். மற்ற ஊர் மரமெல்லாம் அப்போதுதான் பூவிட்டுக்கொண்டிருக்கும். பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: "312. 41 டிகிரி. 3 நிமிஷம்."

அதையும் ஆறுமுகசாமி தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டான். பாருங்கள், நாற்பத்தொரு டிகிரி வெயில், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள் என்று ஊரெல்லாம் காட்டியிருக்கிறான். அம்மாள் அந்தப் படத்தைத் தினமும் எடுத்துப் பார்த்து வேறொன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்த வெயிலில் எவளாவது இப்படிப் போர்த்திக்கொண்டு நிற்பாளா, என் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் மூடிக்கொண்டிருக்கிறாள் என்றார். கல்நெஞ்சக்காரி என்று நானும் ஆமாம் போட்டேன். அண்ணன் மட்டும் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை இன்னொரு தரம் படித்தார்.

பாலக்காட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பவுல்ராஜ் படத்தைப் பார்த்ததும், இது போலராய்டு, இந்த ஃபிலிம் நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது, வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்தால்தான் உண்டு என்றார். மூணாறு பக்கம் செண்பகமேடு எஸ்டேட்டிலிருந்து வேதமுத்து என்று ஒரு கிழவர், இந்த ஃபிலிம் எங்கேயாவது கிடைக்குமா என்று மாதம் ஒரு கடிதம் போடுகிறாராம். ஒரு கடிதத்துக்கும் தான் பதில் போட்டதில்லை என்று தலையைச் சொறிந்தார். எங்களிடம் இருந்த ஒரே துப்பு அதுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் மலை ஏறினோம்.

மூணாறில் பிடித்த ஜீப் எங்களை எஸ்டேட் டீ ஃபேக்டரி வாசலில் தள்ளிவிட்டுப் போனது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைத் தாண்டி மேலே தனியாக ஒரு ஓட்டு வீடு. பக்கத்தில் வேறு வீடு கிடையாது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் கதவு திறந்துவிட்டது. நாங்கள் கீழே வளைவில் திரும்பும்போதே பார்த்துவிட்டாராம். யார், என்ன என்று கேட்கவில்லை. உட்காருங்க, கட்டன் போடட்டா பால் டீ போடட்டா, ராத்திரி தங்குவீங்களா என்று வரிசையாகக் கேட்டார். ஒல்லியான ஆள். அறுபத்தைந்து வயது இருக்கும். ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

உள்ளே போனதும் நான் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டேன். நாலு சுவரிலும் வேதமுத்து. நீலம் பாய்ந்த வேதமுத்து, செம்பருத்தி நிறத்தில் வேதமுத்து, பாசி பிடித்த வேதமுத்து, மூக்கு வரைக்கும் வந்துவிட்டு அதற்குமேல் வராமல் நின்றுபோன வேதமுத்து. எல்லாம் உள்ளங்கை அளவுப் படங்கள். முன்னூறுக்குக் குறையாது. ஒன்றிலும் சிரிப்பு இல்லை.

விஷயத்தைச் சந்தோஷமாகச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன் எஸ்டேட் துரை சீமைக்குக் கப்பலேறும்போது பழைய கேமரா இரண்டையும் காலாவதியான ஃபிலிம் ஒரு டிரங்குப் பெட்டியையும் இவரிடம் விட்டுப் போனார். கேமரா ஆர்மோனியம் மாதிரி துருத்தியோடு திறந்தது. பொத்தானை அமுக்க வேண்டும், வாலைப் பிடித்து இழுக்க வேண்டும், நிமிஷக் கணக்குப் பார்த்து முதுகுக் கதவைத் திறந்தால் உள்ளே படம் தயார். கதை அதோடு முடியவில்லை. குளிர் அதிகமானால் படம் நீலமாகச் செத்துப்போகும். சூடு அதிகமானால் சிவந்துபோகும். ஃபிலிமோ காலாவதியானது. எத்தனை டிகிரிக்கு எத்தனை நிமிஷம், கேமராவைக் கம்பளிக்குள் அணைத்து வைத்தால் எவ்வளவு தெளியும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறாராம். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் எண், டிகிரி, நிமிஷம்.

எல்லாம் சரி, எல்லாப் படத்திலும் ஏன் நீங்களே நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வேற யாரு சார் இருக்கா, நிக்கதுக்கு?" என்றார்.

அதற்கு என்னிடம் ஒரு நக்கல் தயாராக இருந்தது. சொல்லவில்லை. மனைவி மதலேனம்மாள் போய்ப் பதினொரு வருஷமாம். பிள்ளைகள் இல்லை. கேமராவை முக்காலியில் வைத்து, ஒரு நூலைக் கட்டி, எதிரே போய் நின்று நூலை இழுப்பாராம்.

அண்ணன் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போட்டோவை எடுத்து நீட்டினார். கிழவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "இது நம்ம படம்லா! முன்னூத்திப் பன்னெண்டு. எனக்கு இதைவிட நல்லா ஒண்ணும் வரல சார்."

முதலமடைக்கு எப்போது வந்தீர்கள் என்று அண்ணன் கேட்டார்.

"முதலமடையா? நான் மலை இறங்கிப் பதினோரு வருசமாச்சே. எம் வீட்டுக்காரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுதான் கடைசி. இந்தா, நம்ம வாசச் செவத்துல வச்சு எடுத்த படம்லா இது."

நான் எழுந்து நின்றேன். அதெப்படி ஐயா, பின்னால் உங்கள் கையாலேயே நாற்பத்தொரு டிகிரி என்று எழுதியிருக்கிறதே, இந்தக் குளிர்ப் பெட்டிக்குள் நாற்பத்தொன்று எங்கிருந்து வந்தது, அடுப்பில் ஏற்றியா படம் எடுத்தீர்கள் என்று பொரிந்து தள்ளினேன். கிழவர் பயந்துபோய் வராந்தாவைக் காட்டினார். அங்கே தூணில் துரை விட்டுப்போன பெரிய தெர்மாமீட்டர் தொங்கியது. போய்ப் பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். அறுபத்தொன்று. என் கை நடுங்குகிறது, மூக்கு ஒழுகுகிறது, அது அறுபத்தொன்று என்கிறது. சாமான் கெட்டுப்போச்சு ஐயா, தூக்கிப் போடுங்கள் என்றேன்.

உள்ளேயிருந்து அண்ணன் சிரிப்பது கேட்டது. அவர் சிரிப்பது வருஷத்துக்கு இரண்டு தரம்.

"ஏப்பா சிலுவை, போன மாசம் உனக்குக் காச்சல் வந்துச்சே, எத்தனை டிகிரி?"

"நூத்தி ரெண்டு."

"நூறு டிகிரியில தண்ணியே கொதிக்குமே. நீ எப்படி வேகாமத் தப்பிச்சே?"

நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். அண்ணன் கம்பவுண்டராக இருந்தவரல்லவா, நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர் வைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். ரேடியோவில் வெயிலைச் சொல்வது சென்டிகிரேடு என்கிற புது அளவு, உடம்புச் சூட்டைப் பார்ப்பது பாரன்ஹீட் என்கிற பழைய அளவு, இரண்டுக்கும் நாம் டிகிரி என்றுதான் சொல்கிறோம் என்றார். துரையின் தெர்மாமீட்டர் பழைய அளவு. அதில் அறுபத்தொன்று என்றால் இந்தச் சாரல். அதில் நாற்பத்தொன்று என்றால் ரேடியோக் கணக்கில் வெறும் ஐந்து.

"அன்னிக்கு விடியக்காலம் புல்லு மேல உப்பு மாதிரி உறைபனி சார்" என்றார் வேதமுத்து. "அதான் மூணு நிமிசம் கம்பளிக்குள்ள வச்சேன். சூட்டுல எடுத்தா ஒரு நிமிசமே அதிகம்."

அண்ணன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். சுவர் வெள்ளை இல்லை. நீலம் கூடிப்போன வேட்டியின் நிறம். அவளுடைய உதட்டிலும் அந்த நீலம் லேசாக ஏறியிருந்தது. ஐந்து டிகிரிக் குளிரில், பனியில், ஒரு பெண் முந்தானையை இழுத்துப் போர்த்தாமல் வேறென்ன செய்வாள்? பெற்றவள் கண்ணில் படக் கூடாதென்று மூடிக்கொள்கிறாள் என்று அந்த அம்மாள் இரண்டு மாதமாகச் சொல்லிச் சொல்லி வெந்தாரே. கல்நெஞ்சக்காரி என்று நானும் சேர்ந்து பாட்டுப் பாடினேனே. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்க அண்ணன் மேல் பாய்ந்தேன். உங்களுக்கு முன்பே தெரியுமா என்றேன். மாசியில் முதலமடை முப்பத்தைந்தைத் தாண்டாது, நாற்பத்தொன்று என்று பார்த்தபோதே உறுத்தியது என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். சொல்லியிருந்தால் வழி பூராவும் பேசியிருப்பாயே என்றார்.

மீதியைக் கிழவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே ஒவ்வொன்றாகப் புரிந்தது. முகத்திலிருந்த மலர்ச்சியும் போயிற்று.

கமலாத்தாள் கீழே லயத்தில்தான் இருக்கிறாள். கொழுந்து எடுக்கிற பெண்களின் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரச்சில் ஆயா. அழகுமலை மூன்று வருஷத்துக்கு முன் வடக்கே லோடு கொண்டுபோனவன், திரும்பவில்லை. கடிதமும் இல்லை. பம்பாயும் இல்லை, கும்பாயும் இல்லை. ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். மாசியில் ஒரு நாள் காலையில் அவளுடைய அண்ணன்காரன் எப்படியோ இடம் விசாரித்துக்கொண்டு கூடை நிறைய மாங்காயோடு வந்தான். நீ ஓடிப்போனபோதே அம்மா உனக்குத் தலைமுழுகிவிட்டாள் என்று முதலில் அவளை அழ வைத்தான். இப்போது கொஞ்சம் மனம் இளகியிருக்கிறாள், பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் வருவாள், அதற்கு முன்னால் உன் முகத்தை ஒரு தரம் பார்க்கணும் என்று போட்டோ கேட்டாள் என்று சொல்லியிருக்கிறான். பத்து நாளில் அம்மாவைக் கூட்டி வருகிறேன் என்று சத்தியமும் செய்திருக்கிறான். கையெழுத்து அப்போதே விழுந்தது. மாங்காயைக் கையில் பிடிக்கச் சொன்னதும் அவன்தான்.

"நானே கூப்பிட்டு நிக்க வச்சேன் சார்" என்றார் வேதமுத்து. "ஆறு வருசத்துல எங்கிட்ட வந்து ஒரு படம் எடுத்துத் தாங்கன்னு கேட்ட ஒரே ஆளு அந்தாளுதான். எனக்குச் சந்தோசம் தாங்கல. என்ன ஏதுன்னு கேக்கணும்னே தோணல."

அண்ணன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். கமலாத்தாள் இப்போது எங்கே இருப்பாள் என்று மெதுவாகக் கேட்டார். கிழவர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே கால். பிள்ளைகளைத் தூங்கப்போட்டுவிட்டு பஸ் நிற்கிற முக்குக்குப் போயிருப்பாள், உடுமலைப்பேட்டை பஸ் வருகிற நேரம், மாசியிலிருந்து ஒருநாள் தவறாமல் போய் நிற்கிறாள் என்றார்.

ஓடினோம். நான் ஓடினேன், அண்ணன் வேகமாக நடந்தார், கிழவர் குடையோடு பின்னால் வந்தார். முக்கில் பெட்டிக்கடைகூட இல்லை. ஒரு மைல்கல். அதன் பக்கத்தில் அவள் நின்றாள். படத்தில் இருந்ததைவிட இளைத்திருந்தாள். பஸ் வந்தது. ஒரு மூட்டைக்காரரும் இரண்டு பொம்பளைகளும் இறங்கினார்கள். அவள் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குள் பின்சீட்டு வரைக்கும் எட்டி எட்டிப் பார்த்தாள். வயதானவர்கள் இறங்க நேரமாகும் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேருக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டிருக்கிறேன். பஸ் கிளம்பிப் போய்விட்டது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள்.

"கமலாத்தா அம்மிணி" என்று கூப்பிட்டார் அண்ணன். தன் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா வர்லீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

அண்ணன் சுற்றி வளைக்கவில்லை. அம்மா உனக்கு இன்னும் தலைமுழுகவில்லை, நாளைக் காலையில்தான் முழுகப் போகிறார், நீ மாசியில் வீட்டுக்கு வந்து அவரைப் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டதாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அவளுக்கு அது ஏற நேரமாயிற்று. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஊடு வரைக்கும் வந்திருந்தா, அம்மாளப் பாக்காம நான் போயிருப்பனுங்களா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்று மணிக்குத் திரும்புகிற பஸ்ஸைப் பிடித்தோம். அவள் கிரச்சில் சொல்லிவிட்டுக் கட்டிய சேலையோடு வந்தாள். வேதமுத்து முக்கு வரைக்கும் வந்தார். தன் கம்பளியைக் கழற்றி ஜன்னல் வழியாக என்னிடம் திணித்தார். என்ன ஆச்சு என்று ஒரு வரி எழுதிப்போட்டால் போதும், பதில் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது என்று அண்ணனிடம் சொன்னார். பஸ் வளைவில் திரும்பும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

மறையூர் இறங்கி, உடுமலைப்பேட்டை தாண்டி, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பொழுதை ஓட்டி, முதலமடைப் பக்கம் கோவிந்தாபுரம் போகிற முதல் பஸ்ஸைப் பிடித்தோம். வழியெல்லாம் அவள் அம்மாவைப் பற்றியே கேட்டாள். கண் நன்றாகத் தெரிகிறதா, பல் இருக்கிறதா, இன்னும் தானே தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாரா என்று கேட்டாள். தன் அண்ணன் ஆறுமுகசாமியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆற்றங்கரையை அடையும்போது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. சித்திரை ஆறு. மணல்தான் அதிகம், நடுவில் ஒரு மடுவில் மட்டும் இடுப்பளவு தண்ணீர். கரையில் பங்காளிகள் ஏழெட்டுப் பேர் துண்டோடு நின்றார்கள். ஆறுமுகசாமி வெள்ளை வேட்டியில் முன்னால் நின்றான். கருப்பாத்தாள் மடுவில் நின்றார். தலைமுடி ஈரமாக முகத்தில் ஒட்டியிருந்தது. இரண்டு முழுக்கு முடிந்துவிட்டது என்று கரையில் ஒருவர் முணுமுணுத்தார்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கமலாத்தாள் எங்களை விட்டு மணலில் இறங்கி, நேரே நடந்து, சேலையோடு தண்ணீருக்குள் போய்விட்டாள். தாய்க்கு ஐந்தடி தூரத்தில் நின்றாள். கிட்டே போகப் பயம்.

ஆறுமுகசாமிக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் ஆள் சுதாரித்துவிட்டான். நாடகம் போட வந்திருக்கிறாள், நீங்கள் முழுகுங்கள் அம்மா, பேரைச் சொல்லி முடியுங்கள் என்று கரையிலிருந்து அதட்டினான். கருப்பாத்தாள் அவன் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணை மகளிடமிருந்து எடுக்கவில்லை.

"மாசியில நீ நம்ம ஊட்டுக்கு வந்தியா?"

"இல்லீங்கம்மா."

"அந்தப் படம்?"

"எம் மூஞ்சியப் பாக்கோணும்னு நீங்க கேட்டீங்கன்னு அண்ணன் சொல்லுச்சு. உங்களுக்குன்னுதான் நின்னேன்."

பொங்கியண்ணன் தண்ணீர் விளிம்பு வரைக்கும் போனார். பொண்ணு சொல்வது நிஜம், அது மூணாற்றுக் குளிரில் எடுத்த படம், எடுத்தவரை நேற்றுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம், இந்தப் பொண்ணு அங்கே தினமும் பஸ் முக்கில் உங்களுக்காகக் காத்து நிற்கிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியெல்லாம் ஆறுமுகசாமியின் முகத்திலேயே இருந்தது. அவன் ஏதோ பேசப் பார்த்தான். வார்த்தை கோணிக்கொண்டது. எல்லாம் குடும்பத்துக்காகத்தான் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டான்.

கருப்பாத்தாள் மகனை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு கரையிலிருந்த பெரியவரைக் கேட்டார்.

"ரெண்டு முழுக்கு ஆயிப்போச்சு. பாதியில கரை ஏறலாங்களா?"

"கூடாதுங்க" என்றார் பெரியவர். வழக்கம் அப்படி, அவருக்கு வேறு சொல்லத் தெரியவில்லை.

கமலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறை முழுகினார். தண்ணீர் தலைக்கு மேல் மூடியது. நேரமாயிற்று. எழுந்தார். இரண்டு கையாலும் முகத்தை வழித்துவிட்டு, கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி பெயரைச் சொன்னார்.

"ஆறுமுகசாமி."

பிறகு அந்த அம்மாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை விட்டு ஏறினார். ராத்திரி ஏதாவது சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்டுக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். அம்மா என்று மகன் கூப்பிட்டான். அந்த அம்மாள் திரும்பவில்லை. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் பின்னால் பங்காளிகள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருவன் ஆறுமுகசாமியை உரசிக்கொண்டே போனான், நின்று பார்க்கவில்லை.

நாங்களும் கிளம்பினோம். ஆறுமுகசாமி மறுபடியும் கூப்பிட்டான். அவனுக்குப் பதில் சொல்ல அந்தக் கரையில் யாரும் இல்லை.